வீட்டுக்கு வைஃபை, வழிக்கு ஹொட்ஸ்பொட்: புதிதாக இணைப்பு எடுப்போருக்கான செய்முறை

இணையம் வேறு, வைஃபை வேறு. தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்து சேர்வது இணைய இணைப்பு. அதை வானலையாக அறைகளுக்குப் பரப்புவது ரவுட்டர் தரும் வைஃபை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால், கோளாறு எந்தப் பக்கம் என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் இணைப்பைத் தெரிவு செய்யுங்கள். கொழும்பில் எஸ்எல்டி-மொபிடெல், டயலொக் போன்ற நிறுவனங்களிடம் ஃபைபர் எனப்படும் ஒளியிழை இணைப்பும், சிம் போட்டு இயக்கும் 4ஜி ரவுட்டரும் கிடைக்கின்றன. விரைவில் வீடு மாறக்கூடிய வாடகைக் குடியிருப்பாளருக்கு, கையோடு கொண்டுபோகக்கூடிய 4ஜி ரவுட்டரே வசதி. நிலையாகக் குடியிருப்பவர் ஃபைபர் எடுப்பதே நல்லது என்பேன். விளம்பரத்தில் 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) என்றிருந்தால், 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், ஒரு விநாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்டே இறங்கும்.

அடுத்து, ரவுட்டரை வைக்கும் இடம். பெரும்பாலான முறைப்பாடுகளுக்குக் காரணம் இதுதான். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடி வீட்டில், இணைப்புப் பொருத்த வந்தவர் வாசலருகே தொலைக்காட்சிக்குப் பின்னால் ரவுட்டரை வைத்துவிட்டுப் போனார். இரண்டு சுவர் தாண்டிய பின்னறையில் மகளின் இணையவழி வகுப்பு நாள்தோறும் அறுந்தது. ரவுட்டருக்கு இணையத்தைக் கொண்டுவரும் லேன் கேபிளை நீளமாக ஒன்று வாங்கி, ரவுட்டரை நடையின் நடுவில் அலுமாரிக்கு மேல் வைத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கடக்கும்போது வலுவிழக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் தொடர்மாடிகளில் அயல் வீட்டு வைஃபைகளோடு மோதும். அவ்வாறு மோதினால், ஒன்றன்மேல் ஒன்று படியாத 1, 6, 11 ஆகிய சனல்களில் (அலைவரிசைப் பிரிவுகளில்) நெரிசல் குறைந்ததை ரவுட்டரின் அமைப்பில் தெரிவு செய்யுங்கள்.

ரவுட்டரில் ஒட்டியிருக்கும் வைஃபை கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றி, பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று வையுங்கள்.

இணையம் நின்றால் ஃபைபர் வந்து சேரும் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். 'லொஸ்' (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கேபிள் எங்காவது கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். மின்வெட்டின்போது வெளியிலிருந்து வரும் இழை நன்றாக இருந்தாலும் வீட்டுப் பெட்டி அணைந்துவிடும் என்பதால், 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட நாங்கள் மின்சாரம் போனாலும் பெட்டியை ஓடவைக்கும் சிறிய யூபிஎஸ் மின்கலம் ஒன்றை வைத்திருக்கிறோம். அதை வாங்குமுன் அடப்டரில் எழுதியுள்ள வோல்ட் அளவைக் குறித்துக்கொண்டு போங்கள்.

பயணத்துக்கு, கைத்தொலைபேசியின் டேட்டாவை மற்றக் கருவிகளுக்கு வைஃபையாகப் பகிரும் ஹொட்ஸ்பொட் போதும். கொழும்புக் கோட்டையிலிருந்து யாழ்தேவி ரயிலில் ஏறுமுன் டேட்டாவுக்கு ரீலோட் செய்து, வரைபடத்தையும் பயணச்சீட்டையும் வீட்டு வைஃபையிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள். வழியில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். சென்னைக்குப் போவதென்றால் இலங்கைச் சிம்மைக் கழற்றிவிடாதீர்கள், ஏனெனில் வங்கியின் ஓடிபி (ஒருமுறைக் கடவுச்சொல்) அதற்குத்தான் வரும். புறப்படுமுன், சிம் வெளிநாட்டிலும் இயங்க உதவும் ரோமிங் சேவையைச் செயற்படுத்தி, அந்தச் சிம்மின் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து, இணையத்துக்கு இந்தியச் சிம்மையோ, அட்டையின்றித் தொலைபேசியிலேயே பதியும் இ-சிம்மையோ இரண்டாவதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.