வேலன் வள்ளி தர்க்கப் பாட்டு: முதல்முறை மேடையேறுபவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' நாடகம் இராத்திரி பத்து மணிக்குமேல் தொடங்கி விடிய விடிய நடக்கும். அதில் வேடனாக வரும் முருகனும் தினைப்புனம் காக்கும் வள்ளியும் மாறி மாறிப் பாடுகிற இடத்தை மட்டும் எடுத்து, நானும் என் அத்தை மகளும் ஊர் விழாவில் பாடினோம். பாட ஆசைப்படுகிற மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. எந்தப் பகுதி?

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகம் இது. நாரதர் வந்துபோன பிறகு தொடங்கி, வள்ளியின் தந்தை நம்பிராஜன் வந்ததும் வேலன் வேங்கை மரமாக நிற்பதோடு நிறுத்துங்கள். அதற்குப் பிறகு முருகன் போடும் கிழவன் வேடம் வேண்டாம். அதற்குத் தனி நடிப்பு வேண்டும்.

2. சுருதி

எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். சுருதியின் உயரத்தைக் 'கட்டை' என்று எண்ணுவார்கள்; எண் கூடினால் உயரம் கூடும். பொதுவாக ஆணுக்கு ஒரு கட்டை, பெண்ணுக்கு ஐந்து கட்டை வசதி என்பார்கள். இரண்டு கட்டையில் வைத்தால், "அத்தான், கீழே போனா எனக்குக் குரலே வரல" என்றாள். அவளுக்காக ஏற்றினால் மேல் ஸ்தாயியில் எனக்குத் தொண்டை கட்டியது. நாடக ராஜபார்ட்டுகள் (கதாநாயக நடிகர்கள்) உச்சத்தில் பாடிப் பழகியவர்கள். நாம் அப்படி இல்லை.

தீர்வு மத்தியம சுருதி. ஒரு கட்டையை ஸட்ஜமாக ('ஸ') வைத்தால் அதன் மத்தியமம் ('ம') நாலு கட்டை. வேலன் ஒரு கட்டையில் பாடட்டும், வள்ளி நாலு கட்டையில் பாடட்டும். ஆர்மோனியத்தில் அந்த இரண்டு ஸ்வரங்களையும் சேர்த்துப் பிடித்தால் போதும். வேலனுக்கு அது ஸ-ம. வள்ளிக்கு அதே ஒலி கீழ்ப் பஞ்சமமும் ('ப') ஸட்ஜமும். ஆள் மாறும்போது சுருதியை மாற்ற வேண்டியதே இல்லை. முதல் வாரம் பாட்டை விட்டுவிட்டு, இந்தச் சுருதியில் 'ஸ' பிடித்து நிற்க மட்டும் பழகுங்கள்.

(பிற்சேர்க்கை: கல்யாணி ராக மெட்டில் இந்த மத்தியம சுருதி ஒட்டவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒட்டாதுதான். கல்யாணியில் வருவது பிரதி மத்தியமம், அதாவது சாதாரண (சுத்த) மத்தியமத்தைவிட அரைக் கட்டை உயர்ந்த 'ம'. வேலன் பாடும்போது சுருதியில் ஒலிக்கும் சுத்த மத்தியமத்தோடு அது மோதும். காம்போதி, செஞ்சுருட்டி போன்றவற்றில் சிக்கல் இல்லை. கல்யாணிதான் வேண்டும் என்றால் இருவரும் இரண்டரை, மூன்று கட்டையில் சந்தித்துக்கொள்ளுங்கள்.)

3. தர்க்கம்

வேலன் ஊரையும் பேரையும் கேட்பான், அழகைப் புகழ்வான். வள்ளி வெடுக்கென்று பதில் சொல்வாள். அவளை நாணிக் குனிய வைக்காதீர்கள். அவள் மறுத்து மறுத்துப் பேசுவதில்தான் இந்தக் காதல் இருக்கிறது. அவன் கடைசிச் சொல்லை முடிக்கும்போதே அவள் மூச்செடுத்திருக்க வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் சண்டையும் போச்சு, சரசமும் போச்சு. அதனால் உங்கள் வரிகளோடு எதிராளியின் கடைசி வரிகளையும் மனப்பாடம் செய்யுங்கள். ஸ்பெஷல் நாடகத்தில் வெவ்வேறு ஊர்க் கலைஞர்கள் ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்தித்துப் பாடுகிறார்கள். அத்தனை பாட்டும் அவர்களுக்கு அத்துபடி. எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

4. வாத்தியம்

கையால் துருத்தி போடும் ஆர்மோனியமும் மிருதங்கமும் போதும். கரோக்கி வேண்டவே வேண்டாம். கூட்டம் கைதட்டினால் வள்ளி ஒரு வரியைத் திருப்பிப் பாடுவாள். பதிவு செய்த இசை அவளுக்காக நிற்காது. வீட்டில் தனியாகப் பழக செல்போன் சுருதிப் பெட்டி பரவாயில்லை.

5. ஒத்திகை

செட்டிநாட்டு வீட்டுக்காரர்கள் கவனிக்க: பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) பாடினால் சுவரும் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லும் குரலைத் திருப்பித் தந்து பெரிதாகக் காட்டும். திறந்தவெளி மேடையில் அந்த உதவி கிடைக்காது. கடைசி ஒத்திகைகளை வீட்டுக்கு வெளியே பொட்டலில் வையுங்கள். அப்புறம், ஒரே மைக்கை இருவரும் பகிராமல் ஆளுக்கு ஒன்று கேளுங்கள். வள்ளி பரண்மேல் நிற்பதாக வைத்தால் அவள் மைக்கை மேலே ஏற்றிக் கட்டச் சொல்லி, அன்று மாலையே ஒருமுறை பாடிப் பார்த்துவிடுங்கள்.