திண்ணையில் ஒரு கூத்து: பிள்ளை ராஜா, நீங்கள் கட்டியங்காரன்

பழைய வட ஆற்காட்டு ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கும் நாட்களில், ராத்திரி கூத்துப் பார்த்த பிள்ளை காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு 'நான்தான் பீமன்' என்று கூடத்தில் குதிக்கும். அந்த விளையாட்டுக்கு ஒரு கிரீடமும் ஒரு திரையும் கொடுத்துப் பாருங்கள், லீவு முழுக்க ஓடும். நாலிலிருந்து எட்டு வயசு வரை உள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும்.

முதலில் பசை. மூன்று மேசைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் (200 மி.லி.) பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அதன் பிறகே அடுப்பில் வையுங்கள். சுடுதண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டிவிடும், அப்புறம் என்ன கிண்டினாலும் கரையாது. சிறுதீயில் நாலைந்து நிமிடம் கைவிடாமல் கிளறி, கூழ் பதம் வந்ததும் இறக்குங்கள். வெயில் காலத்தில் மறுநாளே புளித்து நாறும், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள்.

கிரீடத்துக்கு மளிகைக்கடை அட்டைப்பெட்டி போதும். கூத்துக்காரர்கள் கட்டை, அதாவது தாங்கள் அணியும் கிரீடத்தையும் நகைகளையும், கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவது அது கனமில்லாத மரம் என்பதால்தான். பிள்ளைக்கும் கனம் கூடாது. தலைச் சுற்றளவை நூலால் அளந்துகொள்ளுங்கள். ஐந்து வயசுப் பிள்ளைக்கு ஏறக்குறைய 50 செ.மீ. இருக்கும். அதில் 4 செ.மீ. குறைத்து, 8 செ.மீ. உயரத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். அட்டைக்குள் இருக்கும் நெளிவரிகள் மேலிருந்து கீழாக நிற்க வேண்டும். படுக்கை வசமாக ஓடினால் பட்டை வளையாது, மடிந்து ஒடியும். பலர் தவறுவது இங்கேதான்.

நெற்றிக்கு நேராக 20 செ.மீ. உயரத்தில் கோபுரம்போல ஒரு முகப்பு ஒட்டுங்கள். பின்பக்கம் ஒட்டவே வேண்டாம். இரண்டு ஓட்டை போட்டு நாடா கட்டினால் தம்பி தலைக்கும் அக்கா தலைக்கும் ஆகும். ஸ்டேப்ளர் பின் நெற்றியைக் கீறும், வேண்டாம். உள்பக்கம் பழைய பனியன் துணியை ஒட்டிவிடுங்கள். வேலூர் வெயிலில் வெறும் அட்டை வேர்வையில் ஊறி ஒரே நாளில் தொளதொளத்துவிடும்.

பளபளப்புக்கு பிரியாணி பார்சலில் வரும் சில்வர் தாள் நன்றாக இருக்கும். சீயக்காய் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், எண்ணெய்ப் பிசுக்கில் பசை பிடிக்காது. ஒட்டியதை வெயிலில் வைக்காதீர்கள், அட்டை முறுக்கிக்கொள்ளும். நிழலில், மேலே இரண்டு நோட்டுப் புத்தகம் கனம் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள்.

புஜகீர்த்திக்கு, அதாவது தோளில் கட்டும் நகைக்கு, அரசிலை வடிவில் 18 செ.மீ. நீளத்தில் இரண்டு அட்டை. கை தூக்கும்போது நுனி கன்னத்தில் குத்தாதபடி வெளிப்பக்கம் சாய்த்து, அக்குள் வழியாக நாடா விட்டு, இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். கழுத்தைச் சுற்றி எதையும் கட்ட வேண்டாம். முகத்துக்கு அரிதாரம் வேண்டவே வேண்டாம், ஒரு சந்தனக் கீற்று போதும்.

திரைக்கு, தைக்காத குடியாத்தம் கைலி ஒன்று. 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் இருக்கும். அகலத்தை உயரமாகப் பிடித்தால் ஐந்து வயசுப் பிள்ளை சரியாக மறையும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடிக்க வேண்டும். ஆளில்லாவிட்டால் ஜன்னல் கம்பியில் ஒரு முனையைக் கட்டுங்கள்.

இனி உங்கள் வேலை. கூத்தில் வாத்தியார் ஒருவர், கட்டியங்காரன் ஒருவர். வாத்தியார் சொல்லிக்கொடுப்பவர். கட்டியங்காரனோ திரைக்குப் பின்னால் இருப்பவரைப் பார்த்து 'வந்திருப்பது யாரு?' என்று கேட்பவர். பெற்றவர்கள் எல்லோரும் வாத்தியார் ஆகப் பார்க்கிறார்கள். நீங்கள் கட்டியங்காரனாக இருங்கள்.

திரைக்கு மேல் கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும். 'வந்திருக்கும் மகாராஜா யாரு?' என்று கேளுங்கள். 'நான் கோட்டை அகழி முதலை ராஜா!' என்று பதில் வரும். முதலைக்கு ஏது கிரீடம் என்று திருத்தினாலோ, முதலைக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டாலோ, ராஜா அந்த நிமிஷமே கிரீடத்தைக் கழற்றிப் போட்டுவிடுவார். 'ராஜாவுக்கு அகழித் தண்ணி குளிருதுங்களா?' என்று கேட்டுவிட்டு, மனசுக்குள் ஐந்து எண்ணும் வரை வாயைத் திறக்காமல் இருங்கள். அந்த ஐந்து எண்ணிக்கைக்குள்தான் பிள்ளை யோசிக்கிறது. அந்த இடத்தில் நீங்களே பதிலை எடுத்துக்கொடுத்தால் மிச்சக் கதை உங்களுடையதாகிவிடும். செல்போனை எடுத்துப் படம் பிடித்தாலும் கெட்டுவிடும், பிள்ளை அப்புறம் போனைப் பார்த்துத்தான் ஆடும்.

கதை நடுவில் முதலை பஸ் டிரைவர் ஆனால் நீங்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறுங்கள். காட்பாடிக்கா, ராணிப்பேட்டைக்கா என்பதை டிரைவர் முடிவு செய்யட்டும்.

நிறுத்தும்போது 'போதும், சாப்பிட வா' என்று வெட்டினால் அழுகைதான். ஐந்து நிமிஷம் முன்பே, 'ராஜா, பொழுது விடியப் போகுது, மங்களம் பாடணுங்க' என்று கட்டியங்காரன் குரலிலேயே சொல்லுங்கள். கூத்து மங்களத்தில்தான் முடியும் என்பது பிள்ளைக்குத் தெரியும்.

கிரீடத்தைப் பரணில் போடாதீர்கள். பிள்ளை கைக்கு எட்டும் ஆணியில் மாட்டுங்கள். தரையில் கிடந்தால் மைதாப் பசைக்குக் கரப்பான் வந்து அரித்துவிடும்.