ஃபிக்ஸட் கியர் சைக்கிள்: பெடலும் கால்பிடிப்பும் தேர்ந்தெடுத்து மாட்டுவது எப்படி?

சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டி தன்பாட்டுக்கு உருளும், பெடல் சும்மா நிற்கும். ஃபிக்ஸட் கியரில் அப்படி உருளவிடும் ஃப்ரீவீல் கிடையாது. பின்சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும். முன் பல்சக்கரத்தில் 46 பல், பின் பல்சக்கரத்தில் 16 பல், 700x25 டயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். க்ராங்க் (பெடலைத் தாங்கும் கை) ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 6 மீட்டர் நகரும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 83 முறை சுற்றுகிறது. அந்த வேகத்தில் கால் நழுவினால், பெடல் ஒரு நொடிக்குள் முழுச் சுற்று வந்து கெண்டைக்காலிலோ முழங்காலுக்குக் கீழ் எலும்பிலோ அடிக்கும்.

இன்னொன்று, இந்த வண்டியில் வேகத்தைக் குறைப்பதும் கால்தான். மேலே ஏறி வரும் பெடலைப் பின்கால் அமுக்க, கீழே இறங்கும் பெடலை முன்கால் மேலே இழுக்க வேண்டும். கால் பெடலோடு பிணைந்திருந்தால்தான் இழுக்க முடியும். பிணைப்பு இல்லையென்றால் பாதி பிரேக் போய்விடுகிறது; பின்சக்கரத்தைக் காலால் நிறுத்தித் தரையில் தேயவிடும் ஸ்கிட் போடுவதும் நடக்காது. அதனால் கால்பிடிப்பை அலங்காரச் சாமானாக நினைக்காமல் பிரேக்கின் ஒரு பாகமாகவே பாருங்கள்.

அதற்காக முன்பிரேக்கைக் கழற்றிவிட வேண்டாம். பிரிட்டனில் ஃபிக்ஸட் வீலைப் பின்பிரேக்காகச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது; ஆனாலும் முன்பிரேக் கட்டாயம். உங்கள் ஊரில் சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், பழகும் காலத்தில் முன்பிரேக் இல்லாமல் தெருவில் இறங்காதீர்கள்.

படி 1: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தை, அதாவது ஹப்பை, பாருங்கள். பின்பல்லுக்கு (பின் பல்சக்கரத்தைத்தான் இங்கே பல் என்கிறோம்) வெளியே அதைக் கழலாமல் பிடிக்கும் லாக்ரிங் வளையம் இருக்கிறதா? பல் வலது மரையில் ஏறும்; லாக்ரிங் இடது மரையில் ஏறும். நீங்கள் பின்னோக்கி அமுக்கும்போது பல் கழலப் பார்க்கும், அதே திசையில் லாக்ரிங் இறுகும். ஃப்ரீவீல் ஹப்பில் பல்லைத் திருகி, லாக்ரிங் மாட்ட இடமே இல்லாமல் மாற்றி அமைத்த வண்டிகள் உண்டு. கால்பிடிப்பு இல்லாதவரை அதன் குறை தெரியாது. காலைக் கட்டி, முதல்முறை பலமாகப் பின்னோக்கி அமுக்கும் நாளில் பல் கழன்று ஓடிவிடும். அப்படி ஹப் இருந்தால் பெடலுக்குச் செலவழிக்கும் முன் ஹப்பை மாற்றுங்கள்.

அடுத்து மரை அளவு. இரு கையும் நடுத்தண்டும் தனித்தனியாக உள்ள மூன்று துண்டு க்ராங்குகளில் பெரும்பாலும் 9/16 அங்குலம். ஒரே இரும்புத் துண்டை வளைத்துச் செய்த பழைய க்ராங்கில் 1/2 அங்குலம். பழைய பெடலைக் கழற்றி, மரையின் வெளிவிட்டத்தை அளந்தால் 14.3 மி.மீ.யா 12.7 மி.மீ.யா என்று உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது, முன்சக்கரத்தில் பாதம் இடிக்கிறதா என்பது. பெடலில் பாதம் வைத்து, க்ராங்கைத் தரைக்கு இணையாக முன்னால் நிறுத்தி, ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள். ஷூ நுனி டயரில் உரசினால், டோ கிளிப் (ஷூ நுனியைப் பிடிக்கும் கூண்டு) மாட்டியபின் இன்னும் அதிகமாக உரசும். சாதாரண சைக்கிளில் திரும்பும்போது பெடலை நிறுத்தி வைக்கலாம், இதில் முடியாது. வேகமாகப் போகையில் ஹேண்டில்பார் அவ்வளவு திரும்பாது என்பதால் பிரச்சினையில்லை. மெதுவாக யூ-டர்ன் அடிக்கும்போதுதான் வண்டியோடு சாய்வீர்கள்.

கடைசியாக ஷூ. செருப்பு, சாண்டல் எதுவும் ஆகாது. அடிப்பாகம் விறைப்பாக, நுனி மூடிய ஷூ வேண்டும். லேஸ் நுனியை ஷூவுக்குள் செருகிவிடுங்கள். தொங்கும் லேஸ் க்ராங்கில் சுற்ற ஆரம்பித்தால், மிதிப்பதை நிறுத்தித் தப்பிக்க இந்த வண்டியில் வழியில்லை.

படி 2: எதைத் தேர்வது?

தெருவில் ஓட்டத் தொடங்குகிறவருக்கு எங்கள் பரிந்துரை: தட்டைப் பெடல், அதில் அகலமான வெல்க்ரோ பட்டை. சாதாரண ஷூ போதும், காலைப் பின்னால் இழுத்தால் வெளியே வந்துவிடும், உள்ளே போனபின் பிடிப்பும் நன்றாக இருக்கும். பட்டைக்கென்று பெடல் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெடலின் உடம்பில், முன்பக்கமும் பின்பக்கமும், பட்டை நுழையும் அளவுக்குத் துவாரம் இருக்க வேண்டும். மெல்லிய அலுமினியப் பெடல்கள் பலவற்றில் அந்த இடைவெளி போதாது. ஊசி ஊசியாகத் திருகாணி நிற்கும் பெடலானால் பட்டையை அறுத்துவிடும். பட்டை படும் இடத்தில் உள்ள திருகாணிகளைக் கழற்றிவிடுங்கள். பிஎம்எக்ஸ் வகை பிளாஸ்டிக் பெடல் இதற்குப் போதுமானது, விலையும் குறைவு.

டோ கிளிப்பும் தோல்வாரும் பழைய முறை. ஜப்பானில் 1948-ல் கோகுராவில் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில் இன்றும் இதைத்தான் கட்டுகிறார்கள். அவர்கள் வாரை இழுத்து இறுக்கிவிட்டால் கையால் தளர்த்தாமல் கால் வராது. அங்கே சிக்னலும் இல்லை, குறுக்கே ஓடும் நாயும் இல்லை. தெருவில் அதே இறுக்கத்தைக் காப்பியடித்தால் நிற்கும்போது அப்படியே பக்கவாட்டில் விழுவீர்கள். தெருவுக்கு வாரைச் சற்றுத் தளர்வாக வைக்க வேண்டும். ஆனால் தளர்ந்த வாரில் ஸ்கிட் பிடிப்பு குறைவு. இந்த இழுபறிதான் டோ கிளிப்பின் குணம். பெடல் ஒடுக்கமாக இருப்பது இதன் நல்ல பக்கம். வளைவில் வண்டி சாயும்போது உள்பக்கப் பெடல் தரையைத் தொடும் ஆபத்து குறையும். வளைவில் பெடலை மேலே நிறுத்தி வைக்க முடியாத வண்டி என்பதால், அகலத் தட்டைப் பெடல் மாட்டுகிறவர்கள் 170 மி.மீ. க்ராங்கைவிட 165 மி.மீ. க்ராங்க் தேர்வது நல்லது.

வார் இல்லாத அரைக் கிளிப்பை வாங்காதீர்கள். நுனியை மட்டும் தடுக்கும், மேலே இழுக்க உதவாது. ஃபிக்ஸடில் நமக்கு வேண்டியதே அந்த இழுப்புதான்.

மூன்றாவது வழி, ஷூவின் அடியில் கிளீட் என்ற சிறு தகட்டைப் பொருத்தி பெடலில் பூட்டுவது. டோ கிளிப் இல்லை என்பதால் ஆங்கிலத்தில் இதற்கு ‘கிளிப்லெஸ்’ என்று பெயர். ஆனால் பூட்டும்போது ‘கிளிக்’ என்று சத்தம் வருகிற ஒரே வகை இதுதான். தெருவுக்கு, கிளீட்டை இரண்டு போல்ட்டால் மாட்டும், ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி வகை சரி. கிளீட் ஷூவுக்குள் பதிந்திருப்பதால் நடக்கலாம், பெடலின் இருபக்கமும் பூட்டும் மாதிரி கிடைக்கும். மூன்று போல்ட் ரோட் வகைப் பெடலில் ஒருபக்கம்தான் பூட்டு. சுற்றிக்கொண்டே இருக்கும் பெடலில் அந்தப் பக்கத்தைக் காலால் தேடுவது புதியவருக்குச் சித்திரவதை.

படி 3: பெடலை மாட்டுதல்

வேண்டியவை: 15 மி.மீ. பெடல் ஸ்பேனர் அல்லது 6 / 8 மி.மீ. அல்லன் கீ, கிரீஸ், துடைக்கத் துணி.

பெடலின் தண்டில் இடது, வலது என்பதற்கான ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். வலது பெடல் வழக்கமான மரை, இடது பெடல் எதிர்மரை. குழப்பமே வேண்டாம், ஒரு கணக்கு போதும்: ஸ்பேனரின் கைப்பிடியை மேல்நோக்கி வைத்து, வண்டியின் முன்பக்கம் தள்ளினால் இறுகும், பின்பக்கம் தள்ளினால் கழலும். இரு பெடலுக்கும் இதே விதி.

க்ராங்கின் துளையைத் துடைத்து, பெடல் மரையில் கிரீஸ் தடவுங்கள். முதல் மூன்று, நான்கு சுற்றை விரலாலேயே ஏற்ற வேண்டும். விரலுக்கு ஏறவில்லையென்றால் மரை கோணலாக உட்கார்ந்திருக்கிறது. வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். அலுமினிய க்ராங்கில் எஃகுத் தண்டைக் கோணலாக ஸ்பேனரால் ஏற்றினால் க்ராங்கின் மரை சீவிக்கொண்டு போய்விடும், பெடலுக்கு ஒன்றும் ஆகாது. விரலால் முழுக்க ஏறியபின் முன்பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் இறுக்குங்கள். 35 நியூட்டன் மீட்டர் பொதுவான அளவு. 20 செ.மீ. நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் 18 கிலோ பாரம் தொங்கினால் எவ்வளவோ, அவ்வளவு. கிரீஸ் தடவ மறந்தால், அடுத்த வருடம் கழற்றும்போது குழாயை மாட்டி நெம்ப வேண்டியிருக்கும்.

படி 4 அ: வெல்க்ரோ பட்டை

பட்டையைப் பெடலின் துவாரங்களில் கோத்து, பாதத்தின் மேல் குறுக்குவாட்டில் சற்றுச் சாய்வாக வருமாறு வையுங்கள். பிறகு ஷூ போட்டுச் சோதியுங்கள். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் பட்டை தளர வேண்டும். குதிகாலை க்ராங்க் பக்கம் கொண்டுவந்து பாதத்தை நேராக்கினால் இறுக வேண்டும். நேர்மாறாக இருந்தால் இடது வலது பட்டைகள் மாறிப்போயிருக்கின்றன.

பாதத்தின் அகன்ற பகுதி, பெருவிரலின் அடிக்கணுவை ஒட்டிய இடம், பெடல் தண்டுக்கு நேர் மேலே வர வேண்டும். பட்டை அந்த இடத்தைக் கடந்து போனால் சரி. விரல் நுனியில் கிடந்தால் பெடலை இழுக்கும்போது கால் உருவிக்கொண்டு வரும். வெல்க்ரோ குறைந்தது நாலு விரல் அகலத்துக்கு ஒட்டியிருக்கட்டும். அதற்கும் குறைவென்றால் உங்கள் ஷூவுக்கு அந்தப் பட்டை சிறியது. சேறும் மணலும் கொக்கிகளில் ஏறினால் ஒட்டும் வலு போய்விடும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள்.

படி 4 ஆ: டோ கிளிப்பும் வாரும்

கிளிப் அளவு முக்கியம். பாதத்தின் அகன்ற பகுதி தண்டுக்கு மேல் இருக்கும்போது, ஷூ நுனிக்கும் கிளிப்புக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். நுனி முட்டினால் நெடுந்தூரம் போனபின் நகம் வலிக்கும். கிளிப் கொஞ்சம் சிறியதாகிவிட்டால், பெடலுக்கும் கிளிப்புக்கும் இடையே வாஷர் வைத்து நீளமான போல்ட் போட்டு முன்னே தள்ளலாம். அந்தச் சிறு நட்டுகள் அதிர்வில் கழன்று விழும். நைலான் வளையம் உள்ள நட்டு போடுங்கள்.

இனி வார். முக்கால்வாசிப் பேர் தவறு செய்வது இங்கேதான். பக்கிள் எப்போதும் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். வாரின் நுனியை வெளிப்பக்கத் தகட்டின் துளையில் விட்டு உள்ளே இழுங்கள். இரண்டு தகடுகளுக்கும் நடுவில், பெடலின் வயிற்றுக்குள், வாரை ஒரு முழு முறுக்கு முறுக்குங்கள். பிறகு உள்பக்கத் தகட்டின் துளை வழியாக எடுத்து, மேலே ஏற்றி, கிளிப் உச்சியில் உள்ள வளையத்தில் நுழைத்து, வெளிப்பக்கம் இறக்கி, பக்கிளின் உருளைக்கு அடியில் செருகுங்கள். அந்த ஒரு முறுக்குதான் வாரை நழுவவிடாமல் பிடிக்கிறது. முறுக்காமல் விட்டால், ஒவ்வொரு முறை நுனியை இழுக்கும்போதும் வார் முழுவதும் நகர்ந்து, ஒருநாள் பக்கிள் பெடலுக்கு அடியிலோ பாதத்தின் எலும்பு மேலோ போய் உட்கார்ந்திருக்கும். பக்கிள் வெளித்தகட்டுக்கு இரண்டு, மூன்று செ.மீ. மேலே நின்றால் சரியான இடம். க்ராங்கைக் கையால் சுற்றி, உள்பக்கம் வார் க்ராங்கில் உரசுகிறதா என்றும் பாருங்கள். உரசினால் தோல் சில வாரத்தில் அறுந்துவிடும்.

மிச்ச நுனியை உடனே வெட்டாதீர்கள். தோல் முதல் வாரத்தில் நீளும், பக்கிள் இடம் மாறும். அதற்குப் பிறகு வெட்டலாம்.

படி 4 இ: கிளீட்

கிளீட் வாங்கும்போது புதியவர்களுக்குக் கடையில் தரும் பொதுவான ஆலோசனை ஃபிக்ஸடுக்குப் பொருந்தாது. ஷிமானோவில் எஸ்ஹெச்56 கிளீட் எந்தப் பக்கம் பலமாகத் திருகினாலும் இழுத்தாலும் கழலும். பழகுகிறவருக்குப் பயமில்லை என்று அதைக் கொடுப்பார்கள். ஸ்கிட் போட நீங்கள் காலை மேலே இழுக்கும் அதே கணத்தில் அது கழன்றால், ஒரு கால் வெளியே, சுற்றும் பெடல் கீழே. எஸ்ஹெச்51 வாங்குங்கள். குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே கழலும்.

கிளீட் போல்ட்டுகளுக்கு 4 மி.மீ. அல்லன் கீ, 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் இறுக்கம், மரையில் கொஞ்சம் கிரீஸ். பூட்டின் இறுக்கத்தைப் பெடலிலுள்ள 3 மி.மீ. திருகால் மாற்றலாம். குறைந்த இறுக்கத்தில் பழகத் தொடங்கி, வெளியே எடுப்பது கைவந்தபின் ஒவ்வொரு ‘கிளிக்’காக ஏற்றுங்கள். நாலு திருகையும் ஒரே அளவு ஏற்ற மறக்காதீர்கள். இருபக்கப் பெடலில் ஒருபக்கம் மட்டும் இறுகியிருந்தால் எந்த முறை கால் எளிதாக வரும் என்று கணிக்கவே முடியாது.

படி 5: ஏறவும் இறங்கவும் பழகுதல்

சுவரைப் பிடித்துக்கொண்டு இரு காலையும் மாட்டிக் கழற்றுவதை இருபது, முப்பது தடவை செய்யுங்கள். பிறகு காலி மைதானம்.

புறப்பட, முதலில் மிதிக்கப்போகும் பெடல் முன்னால் சற்று மேலே, கடிகாரத்தில் 2 மணி நிலையில் இருக்க வேண்டும். பெடலை மட்டும் பின்னால் சுற்றிக் கொண்டுவர இதில் முடியாது. ஒரு காலை மாட்டிக்கொள்ளுங்கள். முன்பிரேக்கை அழுத்தி, உடம்பை முன்னால் சாய்த்து ஹேண்டில்பாரைத் தள்ளினால் பின்சக்கரம் லேசாகத் தரையை விட்டு எழும். அந்த நொடியில் மாட்டிய காலாலேயே க்ராங்கைச் சுற்றி வேண்டிய இடத்துக்குக் கொண்டுவரலாம்.

இரண்டாவது கால்தான் கஷ்டம். டோ கிளிப் கனத்தால் தலைகீழாகத் தொங்கும். முதலில் கிளிப்பின் அடிப்பக்கத்தை மிதித்தபடியே மூன்று, நான்கு சுற்று மெதுவாகப் போங்கள். வண்டி நேராக நின்றபின் பெடலின் பின்விளிம்பை ஷூ நுனியால் தட்டி நிமிர்த்தி நுழையுங்கள். குனிந்து பார்க்காதீர்கள். தலைகீழ்க் கிளிப்போடு வளைவில் திரும்பினால் அது தரையில் மோதும்.

நிற்பதற்கு 15, 20 மீட்டர் முன்பே, வேகம் குறைந்தபின், ஒரு காலைக் கழற்றுங்கள். பெடல் அடிமட்டத்துக்கு வரும்போது எடுப்பது எளிது.

வேகத்தில் கால் தானாக வெளியே வந்துவிட்டால், சுற்றும் பெடலைத் தேடாதீர்கள். வந்த காலைப் பக்கவாட்டில் அகற்றிப் பிடித்து, மாட்டியிருக்கும் காலைச் சுற்றவிட்டு, முன்பிரேக்கை நிதானமாக அழுத்தி நில்லுங்கள். பிறகு ஏன் வந்தது என்று பாருங்கள்: பட்டை மேலே ஏறியிருக்கும், வார் பக்கிளில் வழுக்கியிருக்கும், அல்லது கிளீட் விளிம்பு தேய்ந்திருக்கும்.

முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு பெடல், கிளிப் நட்டு, கிளீட் போல்ட் மூன்றையும் மறுபடி இறுக்குங்கள். அப்படியே லாக்ரிங்கையும். அது இடது மரை என்பதை மறந்து வழக்கமான திசையில் திருகினால், இறுக்குவதாக நினைத்துக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.