பாளையங்கோட்டை முதல் மணப்பாடு வரை: இருவருக்கு ஒரு நாள் கார் பயணம்

கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர், ஆழ்வார்திருநகரி, தேரிக்காடு, உடன்குடி, மணப்பாடு. போய்வர 160 கிலோமீட்டர் போல வரும். தூரம் பெரிதில்லை, நேரம்தான் கணக்கு. கோயில் நடை நண்பகலில் சாத்திவிடுவார்கள். தேரி என்னும் செம்மணல் மேட்டில் மூன்றரை மணிக்கு முன்னால் கால் வைக்க முடியாது. இந்த இரண்டுக்கும் தோதாகத்தான் ஊர்களின் வரிசை அமைகிறது. வரிசையை மாற்றினால் பூட்டிய கதவையும் கொதிக்கிற மணலையும் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான்.

திருச்செந்தூர் வழியாகத்தான் போகிறீர்கள். ஆனாலும் முருகன் தரிசனத்தை இந்த நாளில் சேர்க்காதீர்கள். சஷ்டி, விசாகம், செவ்வாய், ஞாயிறு என்றால் வரிசையில் நின்றே பகல் போய்விடும். அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். நவதிருப்பதி என்னும் ஒன்பது பெருமாள் கோயில்களும் அப்படித்தான்.

முந்தின நாளே டயரில் காற்றுப் பார்த்து, பெட்ரோல் போட்டுவிடுங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 11 லிட்டர் ஆகும். தண்ணீர் 4 லிட்டர், இரண்டு பழைய கோணிப்பை, கைக்கு அடக்கமான மண்வெட்டி ஒன்று, சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் காற்றுப் பம்பு, எளிதில் கழற்றி மாட்டும் செருப்பு. வெள்ளை வேட்டி வேண்டாம். தேரிச் செம்மண் ஒட்டினால் லேசில் போகாது. அல்வா வாங்குவதாக இருந்தால் அதையும் முந்தின நாள் சாயங்காலமே முடித்துவிடுங்கள். பேர்போன கடைகளில் இரவு நீங்கள் திரும்பும் நேரத்துக்குச் சட்டி காலியாகியிருக்கும்.

காலை ஏழரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் கிருஷ்ணாபுரம். வேங்கடாசலபதி கோயிலில் நாயக்கர் காலத்துச் சிற்பங்களுக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். நாகாஸ்திரம் ஏந்திய கர்ணன், கரும்பு வில்லோடு மன்மதன், அன்னத்தின் மேல் ரதி, இளவரசியைத் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன், இளவரசனைத் தூக்கிப்போகும் குறத்தி. தம்பதியாக வருகிறவர்கள் கடைசி இரண்டையும் பார்த்துவிட்டு யார் யாரைத் தூக்குவது என்று பேசிக்கொள்ளலாம். கைநரம்பு, நகம்வரை செதுக்கியிருப்பதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் தெரியும். ஓசை வருகிறதா என்று தட்டிப் பார்க்கிற பழக்கம் வேண்டாம்.

அங்கிருந்து செய்துங்கநல்லூர், கருங்குளம் தாண்டி ஆதிச்சநல்லூர். சாலையில் இருந்து பார்த்தால் வெறும் பரம்பு மேடு. அதற்குள்தான் 114 ஏக்கரில் முதுமக்கள் தாழிகள் புதைந்திருக்கின்றன. 1876-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஜாகோர் இங்கே முதலில் தோண்டினார். பிறகு தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ. தோண்டிய குழிகளை அப்படியே விட்டு, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். தாழி கிடந்த இடத்திலேயே கிடப்பதைப் பார்க்கலாம். முக்கால் மணி நேரம் போதும். பரம்பில் நிழல் கிடையாது, குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆழ்வார்திருநகரிக்குப் பதினொன்றரைக்கு முன்பே போய்விட வேண்டும். நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் உறங்காப்புளி என்ற புளியமரத்தைப் பார்க்காமல் வராதீர்கள். வெயில் ஏறினால் பிரகாரக் கல் காலைச் சுடும். பிறகு குரும்பூர் வழியே திருச்செந்தூர். சாப்பாடு, மூன்று மணிவரை ஓய்வு.

தேரிதான் இந்தப் பயணத்தின் சிக்கலான பகுதி. காயாமொழி வழியாகத் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலை ஒட்டிப் போங்கள். மணலுக்கு அந்தச் சிவப்பு இரும்புச் சத்தால் வந்தது. ஆனி, ஆடியில் மேல்காற்று மணலை வாரி இறைக்கும். அப்போது கண்ணாடி இல்லாமல் நிற்க முடியாது. வண்டியைத் தார் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடங்கள். திருப்புவதற்காக ஓரம் இறக்கும்போதுதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

சக்கரம் சுழல ஆரம்பித்த உடனே ஆக்சிலேட்டரை விடுங்கள். மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்கே குழி பறித்துக்கொண்டு, வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும். அப்புறம் டிராக்டர்தான். இறங்கி, நான்கு டயரிலும் காற்றை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறையுங்கள். டயர் பரந்து மணலைப் பிடிக்கும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலைச் சரிவாக வாருங்கள். சிறிய கார்களில் பெரும்பாலும் முன்சக்கரம்தான் இழுக்கும், அதனால் கோணியை அதற்கு அடியில் திணிக்க வேண்டும். கோணி இல்லையென்றால் கீழே கிடக்கிற காவோலையும் பனைமட்டையும் போதும். ஒருவர் பக்கவாட்டில் நின்று சொல்ல, மற்றவர் வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக எடுக்கலாம். நேர் பின்னால் நின்று பார்க்கக் கூடாது, மட்டை தெறிக்கும். தார் ஏறியதும் பம்பில் பழைய அளவுக்குக் காற்று அடித்துவிடுங்கள்.

உடன்குடியில் கருப்பட்டி. சிரட்டையில் ஊற்றி வார்த்த அரைவட்டமாக இருக்கும். நல்லது கரும்பழுப்பாக, மினுங்காமல் இருக்கும். உடைத்த இடம் சீனி போலப் பளபளத்து வெளுத்திருந்தால் சீனிப்பாகு கலந்தது. நல்ல கருப்பட்டிக்கும் ஈரக்காற்று ஆகாது, கசிந்துவிடும். வீட்டில் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள்.

மணப்பாட்டுக்கு ஐந்தே காலுக்குள் வந்துவிட்டால் நல்லது. கடலுக்குள் நீளும் மணல்குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில் 1581-ல் எழுந்தது. கீழே, 1542-ல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கிய குகையும் உள்ளே ஒரு நன்னீர்க் கிணறும் உண்டு. முதலில் குகை, பிறகு மேலே ஏறுங்கள். மாலை வெயில் மேற்கிலிருந்து கோயில் மேல் விழும். பாறைப் பக்கம் குளிக்க இறங்க வேண்டாம். கரையில் விரித்த வலையை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். செப்டம்பர் 14 திருவிழாவை ஒட்டிய நாட்களில் ஊருக்குள் வண்டி நுழையாது.

திரும்ப வருவதற்குச் சாத்தான்குளம், மூலைக்கரைப்பட்டி வழி. இருட்டில் 50-க்கு மேல் போகாதீர்கள். சாலையில் ஆட்டுக்கிடை நகரும், வேகத்தடையில் வெள்ளைக்கோடு அழிந்திருக்கும், அறுப்புக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். ஒன்பது மணிக்குள் பாளையங்கோட்டை.