47 ரோனின்கள்: மர அச்சு ஓவியத்தில் நாம் தவறாகப் படிப்பவை

ஜப்பானிய மர அச்சு ஓவியங்களில் 47 ரோனின்களின் பழிவாங்கல் அளவுக்குத் திரும்பத் திரும்ப வரையப்பட்ட கதைகள் குறைவு. ரோனின் என்றால் எஜமானை இழந்த சாமுராய். இந்தப் படங்களை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்வதுதான் பலர் செய்யும் பெரிய தவறு.

நடந்தது இது. 1701இல் எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டைக்குள் அகோ என்ற பகுதியின் பிரபு அசானோ, கிரா என்ற அதிகாரியை வாளால் வெட்டினார். கிரா பிழைத்துக்கொண்டார். அசானோவுக்கோ அன்றே வயிற்றைக் கிழித்து உயிர்விடும்படி உத்தரவு வந்தது. 1703 ஜனவரி இறுதியில் ஓயிஷி குரானோசுகே தலைமையில் அசானோவின் ஆட்கள் கிராவின் மாளிகைக்குள் புகுந்து, அவர் தலையைச் செங்காகுஜி கோயிலில் இருந்த எஜமானின் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள்.

சமகாலச் சாமுராய் விவகாரங்களை மேடையேற்ற, அப்போது ஜப்பானை ஆண்ட தொகுகவா அரசு தடை விதித்திருந்தது. அதனால் 1748இல் ஒசாகாவில் அரங்கேறிய பொம்மலாட்ட நாடகம் ‘கனதேஹோன் சூஷிங்குரா’, கதையை 14ஆம் நூற்றாண்டுக்கு நகர்த்திப் பெயர்களையும் மாற்றியது. ஓயிஷி அதில் ஓபோஷி ஆனார். மர அச்சு ஓவியர் குனியோஷி இந்த வீரர்களை வரைந்து 1847-48இல் வெளியிட்ட புகழ்பெற்ற பட வரிசையிலும் மாற்றுப் பெயர்கள்தான். அதைப் பிழை என்றோ வேறு ஆள் என்றோ நினைக்க வேண்டாம். வீரர்களின் அங்கியில் கருப்பு வெள்ளையாக ஓடும் முக்கோண ஓரமும் மேடை தந்த அடையாளமே. பார்த்ததும் உடலைச் சிலிர்க்க வைக்கும் அழகு அது. ஆனால் அன்றிரவு எல்லோரும் அதையே உடுத்திப் போனார்கள் என்று எழுதிவிடக் கூடாது. அப்புறம், 47 பேரும் மரண தண்டனை பெற்றார்கள் என்பதும் சரியல்ல. பெற்றவர்கள் 46 பேர். தெராசாகா கிச்சியெமோன் தப்பினார்.

‘குனியோஷி செதுக்கியது’ என்று எழுதுவதும் அநியாயம். அவர் கோட்டோவியம் வரைந்தார். அந்தத் தாளைச் செர்ரி மரப் பலகையில் கவிழ்த்து ஒட்டிச் செதுக்கியவர் ஒருவர், வண்ணத்துக்கு வண்ணம் தனிப் பலகை வைத்து அச்சிட்டவர் இன்னொருவர், பணம் போட்டு எல்லாரையும் இயக்கியவர் பதிப்பாளர். செதுக்கும்போதே அந்த வரைபடம் அழிந்துவிடும். ஆகவே ‘அசல் ஓவியம் எங்கே?’ என்று தேடுவதில் பொருளில்லை. முந்தி அச்சானதா, பலகை தேய்ந்தபின் அச்சானதா என்றுதான் பார்க்க வேண்டும். முதலில் தலைமுடியின் மெல்லிய கோடுகளைக் கவனியுங்கள், பலகை தேயத் தேய அவை தெளிவிழக்கும்.

எல்லாமே கலப்பில்லாத ஜப்பானிய பாணி என்று சொல்வதிலும் அவசரம் வேண்டாம். 1830களில் குனியோஷி வரைந்த இரவுத் தாக்குதல் படத்தில் கட்டடங்கள் தூரத்தில் குறுகிப் போவது, டச்சுப் பயண நூல் ஒன்றின் படத்தைப் பார்த்து அமைத்தது.

இப்படி ஒரு பழைய அச்சு உங்கள் கையில் இருந்தால், வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், பழைய சாயங்கள் வெளுத்துவிடும். செலோ டேப் ஒட்டாதீர்கள். சட்டத்துக்குள் அடங்கவில்லையே என்று ஓரத்தை வெட்டவே வெட்டாதீர்கள். காலத்தைக் கணிக்க உதவும் தணிக்கை முத்திரையும் பதிப்பாளர் முத்திரையும் அந்த ஓரத்தையொட்டி இருக்கலாம்.