ஆசியான் நாடுகளில் முதலீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் ஒரு கம்பெனி பதிவு செய்துவிட்டால் ஆசியான் (தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு) முழுக்க எந்தத் தொழிலிலும் நூறு சதவீதப் பங்கு வைத்துக்கொள்ளலாம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. 2009-இல் கையெழுத்தாகி 2012 மார்ச் 29 முதல் நடப்பில் உள்ள ஆசியான் விரிவான முதலீட்டு ஒப்பந்தம், உற்பத்தி, விவசாயம், மீன்பிடி, வனம், சுரங்கம் ஆகிய ஐந்து துறைகளையும் அவற்றைச் சார்ந்த சேவைகளையும் மட்டுமே திறந்துவிடுகிறது. சில்லறைக் கடை, மருத்துவமனை போன்றவற்றில் நுழைவதற்கான நிபந்தனைகள் சேவை வர்த்தக ஒப்பந்தத்தில் இருக்கின்றன. அந்த ஐந்து துறைகளிலும்கூட ஒவ்வொரு நாடும் தனக்கென்று விலக்குப் பட்டியல் வைத்திருக்கிறது. முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

இந்தியப் பணத்தில் நடக்கும் சிங்கப்பூர் கம்பெனிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே உண்மையான தொழில் நடவடிக்கை இல்லை என்றால், முதலீடு பெறும் நாடு ஒப்பந்தப் பலன்களை மறுக்கலாம். வெறும் பதிவு முகவரி போதாது. ஊழியர்கள், வரவு செலவு, தணிக்கைக் கணக்கு எல்லாம் அங்கே இருக்கட்டும்.

தாய்லாந்தில் அதிகம் நடப்பது பினாமித் தவறு. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூலதனத்தில் பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டவரிடம் இருந்தால் அது வெளிநாட்டு நிறுவனம். வெளிநாட்டு நிறுவனங்களுக்கான கட்டுப்பாட்டைத் தாண்ட 51 சதவீதத்தை உள்ளூர்க்காரர் பெயரில் எழுதிவைப்பார்கள். பிடிபட்டால் மூன்று ஆண்டு வரை சிறை, 1 லட்சம் முதல் 10 லட்சம் பாட் வரை அபராதம். பெயர் கொடுத்தவருக்கும் அதே தண்டனை. உள்நாட்டுச் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட முதலீட்டுக்குத்தான் ஒப்பந்தப் பாதுகாப்பு என்பதால், அதுவும் கைநழுவிப் போகும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்காததால் வருகிறது. யாங் சி ஊ என்ற சிங்கப்பூர் நிறுவனம் 1993-இல் மியான்மர் அரசு நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து மாண்டலே பீர் ஆலையில் முதலீடு செய்தது. மியான்மர் 1997-இல் ஆசியானில் சேர்ந்தது. பின்னர் தகராறு முற்றி, வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போனது. அப்போதிருந்த 1987 ஆசியான் முதலீட்டு ஒப்பந்தம் கேட்ட தனிப்பட்ட எழுத்துப்பூர்வ ஒப்புதல், மியான்மர் சேர்ந்த பிறகு பெறப்படவில்லை. எனவே தனக்கு விசாரிக்க அதிகாரமே இல்லை என்று மன்றம் 2003-இல் முடித்துவிட்டது. யார் பக்கம் நியாயம் என்ற கேள்விக்கே அது போகவில்லை. இன்றைய ஒப்பந்தமும், அத்தகைய ஒப்புதல் தேவைப்படும் நாடுகளில் அதைக் கேட்கிறது. தொழில் உரிமம் கையில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தின் பெயர், முதலீட்டாளரின் சரியான பெயர், தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள். பிறகு கூடுதல் மூலதனம் போட்டால், அதற்கும் புது ஒப்புதல் வேண்டுமா என்று எழுதிக் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

உரிமம் கொடுக்க மறுத்ததற்காக முதலீடு பெறும் நாட்டின் அரசை நடுவர் மன்றத்துக்கு இழுக்க முடியாது. முதலீட்டை நடத்துவதிலும் விற்பதிலும் அரசு ஒப்பந்தத்தை மீறியதால் வரும் நஷ்டத்துக்குத்தான் அந்த வழி. அதற்கும் முதலில் பேச்சுவார்த்தை கோரி 180 நாள் காத்திருக்க வேண்டும், வழக்குப் போடும் முன் 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும். பாதிப்பு தெரிந்ததிலிருந்து மூன்று ஆண்டு தாண்டினால் உரிமை போய்விடும். எனவே பேச்சுவார்த்தைக் கடிதத்தை முதல் ஆண்டிலேயே அனுப்பிவிடுங்கள்.