வேலையையும் வீட்டையும் விடாமல் முதல் மாரத்தானுக்குத் தயாராவது எப்படி?

முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். ஓரளவு ஓடிப் பழகியவருக்கே 16 முதல் 20 வாரம் பயிற்சி வேண்டும், அந்த நாலைந்து மாதமும் அலுவலக வேலை குறையப்போவதில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் வராமலும் இருக்காது. அதனால் ஷூ வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள்.

வாரத்துக்கு 168 மணி நேரம். தினம் 7 மணி நேரத் தூக்கத்துக்கு 49-ஐ முதலில் கழித்துவிடுங்கள், அதில் பிறகு கை வைக்கவே கூடாது, ஏனென்றால் ஓடிக் களைத்த உடம்பு தேறுவது பெரும்பாலும் தூக்கத்தில்தான். வேலைக்கும் பயணத்துக்கும் 55, வீட்டு வேலை, சாப்பாடு, குளியலுக்கு 35 என்று வைத்தால் மிஞ்சுவது 29. பயிற்சிக்கு ஆறேழு மணி நேரம் போதும்: வார நாட்களில் மூன்று குட்டி ஓட்டம், வார இறுதியில் ஒரு லாங் ரன், அதாவது அந்த வாரத்திலேயே நீளமான ஓட்டம்.

கணக்கு தப்புவது அந்த லாங் ரன்னில்தான். அது மெல்ல மெல்ல 30 கிலோமீட்டர் வரை போகும். மூன்றரை மணி நேரம் ஓடினால் செலவு மூன்றரை மணி நேரம் மட்டுமில்லை, முந்தின ராத்திரி சீக்கிரம் படுக்க வேண்டும், ஓடி முடித்த பிறகு மதியம் உடம்பு எதற்கும் ஒத்துழைக்காது. என் முதல் பயிற்சியில் இதை நான் யோசிக்கவே இல்லை. ஞாயிறு மதியம் முழுக்க நான் படுத்திருக்க, குழந்தையும் சமையலும் மனைவி தலையில் விழுந்தன. ஆறாவது வாரம் அவள் கேட்ட ஒரே கேள்வி, "எனக்கு எப்போது ஞாயிறு?" இன்றைக்கும் அதை மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான். போட்டிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பே நாட்காட்டியை வீட்டில் எல்லோர் முன்னாலும் விரித்து வைத்து, அதிகம் ஓட வேண்டிய வாரங்களைக் குறித்துவிடுகிறேன். அவை அலுவலகத்தில் வேலை குவியும் மாதத்தில் வந்தால் வேறு போட்டியைப் பார்க்க வேண்டியதுதான். மூன்று வாரம் தூரத்தைக் கூட்டி நாலாவது வாரம் குறைப்பது பலரும் கடைப்பிடிக்கும் முறை, அந்த நாலாவது வார இறுதி முழுக்க வீட்டுக்கு. அவள் வெளியே போவாள், வீடு என் பொறுப்பு.

தவறிப்போன ஓட்டத்தை மறுநாள் சேர்த்து ஓடாதீர்கள், காயம் அப்படித்தான் வருகிறது. ராத்திரி சரியாகத் தூங்கவில்லையா, காலை ஓட்டத்தை விட்டுவிடுங்கள், ஒரு நாளில் எதுவும் குறைந்துவிடாது. வேகத்தைப் பற்றியும் ரொம்பக் கவலை வேண்டாம், பெரும்பாலான ஓட்டங்கள் பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் இருந்தால் சரி, அப்போதுதான் ஓடிவிட்டுப் போய் வேலையும் பார்க்க முடியும்.

அப்புறம் டேப்பர். கடைசி இரண்டு மூன்று வாரம் தூரம் குறையும், நேரம் மிஞ்சும். அந்த நேரத்தை அலுவலகத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள், தூங்குங்கள், வீட்டாரோடு இருங்கள். போட்டிக்கு மறுநாளைக்கு இப்போதே விடுப்பு சொல்லி வையுங்கள், அன்றைக்குப் படி இறங்குவதே சிரமமாக இருக்கும்.